குப்பைக்கூடை போட்ட கேமரா

நம் வயதுக்காரர்கள் எல்லோருடைய வீட்டிலும் தலை பாதி வெட்டுப்பட்ட ஒரு போட்டோ இருக்கும். எடுத்தவர் கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரிந்திருக்கும். ரோல் முடிந்து, கழுவக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து வாங்கி வந்த பிறகுதான் பெரியப்பாவுக்கு நெற்றிக்கு மேல் ஒன்றும் இல்லை என்று தெரியும். அதற்காக யாரும் அதைத் தூக்கிப் போட மாட்டோம். ஆல்பத்தில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "இது பெரியப்பா, தலை வரல" என்று சொல்லிச் சிரிப்போம். இப்போதுள்ள பிள்ளைகள் பிடிக்காத படத்தை அந்த இடத்திலேயே விரலால் தள்ளிவிட்டுப் போகிறார்கள். என் மகள் அப்படித் தள்ளும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். ஏன் என்று அவளிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்லலாம் போலிருக்கிறது. நீங்கள் அந்தக் காலத்தில் இருந்தவர்கள்.

அப்பா நாகலூர் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். ஆள் பேர் எழுதுவது, பழம் நிறுப்பது, வாரச் சம்பளம் கொடுப்பது எல்லாம் அவர் வேலை. எங்களுக்குத் தகரம் போட்ட குவார்ட்டர்ஸ். முன்னால் காப்பிக்கொட்டை காயப்போடும் களம். பின்பக்கக் கதவைத் திறந்தால் சரிவு முழுக்கச் செடிகள், நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். பழம் பறிக்கும் மாதங்களில் தோல் உரித்த பழச் சக்கையின் புளிப்பு வாசனை வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் என் பாவாடையில் அந்த வாசனை அடிக்கும். நான் அப்போது ஆறாவது படித்தேன். யாரிடமும் பேச மாட்டேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் அழுதுவிடுவேன்.

எங்களோடு அத்தை இருந்தாள். அப்பாவின் அக்கா. சேலத்துக்குப் பக்கத்தில் கட்டிக்கொடுத்து, சீக்கிரமே தாலி இழந்து, பிள்ளையும் இல்லாமல் தம்பி வீட்டுக்கு வந்தவள். அம்மா அவளை நங்கை என்று கூப்பிடுவாள். எங்கள் பக்கம் கணவனின் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. ஒருத்தி அரைத்தால் ஒருத்தி தள்ளிவிடுவாள்.

எனக்குப் பிறகு அம்மாவுக்கு இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்து தங்கவில்லை. முதலாவது பிறந்த மாதமே போய்விட்டது. இரண்டாவது தவழும் வரைக்கும் இருந்தான். அப்பா அவனை ஏற்காடு டவுனுக்குத் தூக்கிப் போய் ஸ்டூடியோவில் ஒரு மெத்தைமேல் உட்கார வைத்துப் படம் எடுத்தார். படம் கழுவி வருவதற்குள் காய்ச்சல் வந்து அவன் போய்விட்டான். கைப்பிள்ளையைப் போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று அத்தை முதலிலேயே சொல்லியிருந்தாள். அப்பா கேட்கவில்லை. காரியம் முடிந்த பிறகு அப்பா அந்தப் படத்தை ஒரு கவரில் கொண்டு வந்தார். அத்தை வாங்கிப் பார்த்தாள், அம்மாவிடம் ஒரு தடவை காட்டினாள், அப்படியே அடுப்பில் போட்டாள். நெகட்டிவையும் போட்டாள். அது சுருண்டு எரிந்த நாற்றம் எனக்கு இன்னும் தெரியும்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு நாள் துணி மடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். "கண்ண மூடுனா ரெண்டு பேரும் ஒண்ணாவே தெரியறாங்க சாமி. எந்த மூக்கு யாருதுன்னு தெரியல."

பிறகு அம்மாவுக்கு மூன்றாவது பையன் பிறந்தான். காப்பி பூத்து முடிந்த சமயம். அத்தை அவன் கன்னத்தில் வைத்த மைப்பொட்டு பாதிக் கன்னத்துக்கு இருந்தது. ஒரு வயதில் குலசாமி கோயிலில் மொட்டை போடும் வரைக்கும் போட்டோ என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அம்மா தலையாட்டினாள். ஆனால் பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். மனப்பாடம் பண்ணுகிற பிள்ளை புத்தகத்தைப் பார்க்கிற மாதிரி.

அப்போது சிங்கப்பூரில் கப்பல் கட்டும் இடத்தில் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பிலிமே இல்லாத கேமரா வந்திருக்கிறது என்று போனில் சொன்னார். நாகலூர் பூத்துக்கு ஞாயிற்றுக்கிழமை போய்க் காத்திருந்தால் அவர் கூப்பிடுவார். அடுத்த லீவுக்கு வரும்போது ஒன்று வாங்கி வரட்டுமா, எது வேண்டும் என்று பாருங்கள் என்று கடை நோட்டீஸ்களைத் தபாலில் அனுப்பினார். வழவழவென்ற தாள். மூக்கில் வைத்தால் புதுச் செருப்பு மாதிரி மணத்தது.

அந்தத் தாள்களைச் சமையல் அறையில் பரப்பி வைத்துக்கொண்டு எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு நடந்தது. மூன்று கேமராக்கள். ஒன்று சாப்பாட்டு டப்பா மாதிரி பெரியது, அதில் கம்ப்யூட்டர் பிளாப்பியையே செருக வேண்டும். இன்னொன்று சின்னது, படம் உள்ளேயே தங்கிவிடும், ஆனால் எடுத்ததைப் பார்க்க முடியாது. மூன்றாவதில் முதுகுப்பக்கம் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சின்ன டிவி. அதற்குத் தனியாக ஒரு மெல்லிசு அட்டை போட வேண்டும்.

அப்பாவுக்கு பிளாப்பி கேமராதான் பிடித்தது. "இதுதான் சரி. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல அப்படியே சொருகிக்கலாம். தொரை இல்லாதப்ப நானே போட்டுப் பாத்துருவேன்."

"எஸ்டேட் கம்ப்யூட்டர்ல நம்ம புள்ள மூஞ்சி எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"வேற எங்க வெக்கறது? நெல்லுக் குதிருலயா?"

அத்தை முறத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. "எதுவும் வேண்டாம். ஒரு வருசம் பொறுத்தா யாரு குடி முழுகிப்போகுது? மொட்டை போட்டப்பறம் ஊரையே கூட்டி எடுங்க."

"அக்கா, இதுல பிலிமே இல்லீங்க. கண்ணாடில பாக்கறாப்பலதான்."

"கண்ணாடியும்தான் பல்லு மொளைக்கற வரைக்கும் காட்டக் கூடாது."

அத்தையிடம் பேசி அப்பா ஜெயித்ததே கிடையாது. அம்மா மட்டும் மூன்றாவது தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேமராவின் முதுகில் ஒரு பொத்தான், அதன்மேல் குட்டியாக ஒரு குப்பைக்கூடை வரைந்திருந்தது.

"ஏனுங்க, இது எதுக்குங்க?"

அப்பா ஆங்கிலத்தை விரல் வைத்துப் படித்தார். "வேண்டாத படத்த அழிச்சுக்கறதுக்காம்."

"அழிச்சா?"

"அழிச்சா அவ்வளவுதான். எடுக்கவே எடுக்காத மாதிரி."

அம்மா அத்தையைப் பார்த்தாள். "நங்கை, எடுக்கவே எடுக்காத மாதிரியாமுங்க."

முறம் நின்றது. அத்தை அருகில் வந்து உட்கார்ந்தாள். வரிசையாகக் கேட்டாள். பிலிம் கிடையாதா. கழுவுகிற வேலை இல்லையா. அப்படியானால் அந்தப் படம் எங்கே போய் உட்காரும்.

"இந்த அட்டைக்குள்ளங்க."

"அழிச்சா?"

"அட்டை வெறும் அட்டை ஆயிரும். ஒண்ணும் இருக்காது."

"நெசமாத்தானா? நீ கண்டயா?"

"அக்கா, நான் ரைட்டருங்க. எனக்குத் தெரியாதா?"

அப்பாவுக்குத் தெரியாது. அந்த எஸ்டேட்டில் யாருக்குமே தெரியாது. தொரைக்கே தெரிந்திருக்காது. ஆனால் இங்கிலீஷ் தாளைப் படித்தவர் அவர்தான், அதனால் நாங்கள் நம்பினோம். அவரும் தன்னை நம்பினார்.

அத்தை தாளில் இருந்த குப்பைக்கூடையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு சொன்னாள். "சரி. எடுங்க, பாருங்க. ஆனா வெளக்கு வெக்கறதுக்குள்ள அழிச்சுப்புடோணும். ஒரு ராத்திரி கூட அது ஊட்டுக்குள்ள தங்கக் கூடாது. பெத்தவளே அழிக்கோணும்."

அம்மா சம்மதித்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை பூத்தில் மாமா கேட்டார், "எதுன்னு முடிவு பண்ணீங்கக்கா?"

"குப்பைக்கூடை போட்டது கண்ணு."

மாமா சிரித்தது ரிசீவருக்கு வெளியே எனக்கே கேட்டது. "எல்லாரும் எது நெறைய படம் புடிக்கும்னு பாத்து வாங்குவாங்க. நீ அழிக்கறதுக்குன்னு வாங்கறயா?"

மாமா புரட்டாசியில் வந்தார். அன்றைக்குக் களத்துக்கு அந்தப்பக்கம் ஒன்றும் தெரியாத அளவுக்கு மூட்டம். பெட்டியைத் திறந்து பஞ்சு மாதிரி ஒரு வெள்ளை அட்டைக்குள்ளிருந்து கேமராவை எடுத்தார். அத்தை தள்ளி நின்றுதான் பார்த்தாள். அந்த மெமரி அட்டையை மட்டும் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். பிஸ்கட்டை நான்காக உடைத்த மாதிரி சின்னது, கறுப்பு, ஒரு பக்கம் மட்டும் தங்கத் தகடு. "கம்மல் பண்ணிப் போட்டுக்கலாமாட்டம் இருக்குது," என்றாள். எல்லோரும் சிரித்தோம்.

முதல் படத்தை மாமாதான் எடுத்தார். தம்பி தூளிக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு தூங்கினான். படம் நீலம் பூசின மாதிரி, கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருந்தது. அம்மா கேமராவைப் பார்த்தாள், தூளியைப் பார்த்தாள், மறுபடி கேமராவைப் பார்த்தாள். பிள்ளை எதிரிலேயே படுத்திருக்கிறான், எதற்கு அதில் பார்க்கிறாய் என்று மாமா கேலி செய்தார்.

"இதுல இவன் நகர மாட்டேங்கறான்," என்றாள் அம்மா.

கேமரா பேட்டரியைத் தின்றது. எங்கள் ஊர்க் குளிரில் பத்துப் படத்துக்குள் செத்துவிடும். மாமா பேட்டரிகளை அக்குளில் வைத்துச் சூடு பண்ணுவார். பிறகு அம்மா அவற்றைத் தம்பியின் துணி காயவைக்கும் நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்தாள். மாமா கொண்டு வந்த வயர் ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்த ஓட்டையிலும் நுழையவில்லை. பிளாப்பி வடிவத்திலேயே ஒரு டப்பா விற்கிறார்கள், இந்த அட்டையை அதற்குள் செருகி அதை அப்படியே கம்ப்யூட்டரில் போடலாம், மொட்டைக்கு வரும்போது கொண்டு வருகிறேன் என்று சொன்னார். மொட்டைக்குப் பிறகுதானே வைத்துக்கொள்ளப் போகிறோம், அவசரமில்லை என்றார் அப்பா.

சாயங்காலங்களைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் காப்பி குடித்து முடிக்கும் நேரம். அம்மா அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அன்றைய படங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பாள். நான் தோளில் தாடையை வைத்துக்கொள்வேன். காப்பிப் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு முகம் சுளிக்கிற தம்பி. சாம்பிராணிப் புகைக்குள் கண் மட்டும் தெரிகிற தம்பி. அப்பாவின் தொப்பிக்குள் காணாமல் போன தம்பி. பார்த்து முடிந்ததும் அம்மா குப்பைக்கூடைப் பொத்தானை அழுத்துவாள். கேமரா இங்கிலீஷில் ஏதோ கேட்கும். எல்லாவற்றையும் அழிக்கட்டுமா என்று கேட்கிறது என நான் எழுத்துக்கூட்டிச் சொல்லியிருந்தேன். அம்மா பெருவிரலால் ஆமாம் என்பதை அழுத்துவாள்.

அத்தை சாமி படத்துக்கு முன்னால் தீப்பெட்டியோடு நிற்பாள். "ஆச்சா?"

"ஆச்சுங்க நங்கை."

அத்தை வந்து அந்தச் சின்ன டிவியைத் தானே எட்டிப் பார்ப்பாள். படம் இல்லை என்று இங்கிலீஷில் இருக்கும். அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் அந்த எழுத்துகளின் வடிவம் பழகிவிட்டது. பிறகுதான் தீக்குச்சியைக் கிழிப்பாள்.

மாமா ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் களத்து ஓரத்தில் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன். "ஒண்ணே ஒண்ணு வெச்சுக்கக்கா. அவங்களுக்குத் தெரியாம எடுத்து வெக்க நான் சொல்லித் தர்றேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியுமே," என்றாள் அம்மா.

ஐப்பசி போய்க் கார்த்திகை வந்தது. பழம் பறிப்பு ஆரம்பித்தது. ஒரு நாள் மத்தியானம் பள்ளிக்கூடம் லீவு. அத்தை தம்பிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, துடைத்து, மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தான். அத்தை என்னைக் கூப்பிட்டாள். "சாமி, அந்தக் கேமராவ எடு. நான் இவன மடில வெச்சிருக்கறாப்பல ஒண்ணு எடு."

நான் திகைத்து நின்றேன். அத்தை தன் வாழ்நாளில் போட்டோவுக்கு நின்றதில்லை. கல்யாணத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

"என்ன முழிக்கறே? எடு, அவன் விட்டுருவான்."

எடுத்தேன். அத்தையின் மூக்குத்தி அவன் விரல்களுக்குள் இருந்தது. அத்தை வலியில் ஒரு கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தாள். முன்பல் இரண்டு இல்லாதது நன்றாகத் தெரிந்தது.

அன்று சாயங்காலம் அத்தை தீப்பெட்டியை எடுக்கவில்லை. கேமராவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பேட்டரி மிச்சம் பிடிக்க அந்தச் சின்ன டிவி தானாகவே அணைந்துவிடும். அணையும்போதெல்லாம் என்னிடம் நீட்டுவாள். நான் அழுத்தித் தருவேன்.

"நங்கை, நேரமாச்சுங்க," என்றாள் அம்மா.

"இன்னும் இருட்டலையே."

வெளியே ஆட்கள் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார்கள். களத்தில் கூட்டுகிற சத்தமும் நின்றது. அம்மா மறுபடி சொல்லவில்லை. என்னை மட்டும் பார்த்தாள், நீயும் பேசாதே என்கிற மாதிரி. கடைசியில் அத்தையே கேமராவை அம்மா கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "அழிச்சுரு அம்மிணி. அவனுக்கு ஆகாது," என்றாள். அம்மா அழித்தாள்.

மார்கழியில் அந்த வருடம் குளிர் அதிகம். தம்பிக்குச் சளி பிடித்தது. பல் முளைக்கிற காய்ச்சல் என்று அத்தை சொன்னாள், அப்பாவும் அதையே சொன்னார். ஓமம், கற்பூரவல்லி, நெஞ்சில் எண்ணெய் என்று எல்லாம் பார்த்தார்கள். இப்போது யோசித்தால் முதல் நாளே கீழே கொண்டு போயிருக்க வேண்டும். அப்போது அப்படி யாரும் போக மாட்டோம். பிள்ளை மூச்சு வாங்கும்போது விலா உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் அப்பா ஓடிப்போய் எஸ்டேட் ஜீப்பைக் கேட்டு வாங்கி வந்தார். அம்மாவும் அப்பாவும் தூக்கிக்கொண்டு சேலத்துக்குப் போனார்கள். நான் அத்தையோடு இருந்தேன். மறுநாள் காலையில், வெயில் வந்து மூட்டம் கலைகிற நேரத்தில், அதே ஜீப் மெதுவாக ஏறி வந்தது. மெதுவாக வந்ததைப் பார்த்ததுமே அத்தை வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

தம்பியைக் கூடத்தில் பாயில் கிடத்தினார்கள். லைன் வீடுகளில் இருக்கிற தோட்டக் கூலி ஜனங்கள் எல்லாம் வெளியே நின்றார்கள். அழுகைச் சத்தம் ஓய்ந்த ஒரு சமயத்தில் அத்தை எழுந்து போய் அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து வந்து அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மிணி, ஒண்ணாவது வெச்சிருக்கறயா?"

அம்மா புரியாமல் பார்த்தாள்.

"நெசமாச் சொல்லு. நான் ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். எனக்குத் தெரியாம ஒண்ணு வெச்சிருப்பே."

"இல்லீங்க நங்கை."

"பொய் சொல்றே. பெத்தவ எப்படி எல்லாத்தையும் அழிப்பா? நானா இருந்தா வெச்சிருப்பேன். எங்கியாச்சும் ஒளிச்சு வெச்சிருப்பே, சொல்லு கண்ணு."

"நீங்க பாத்துத்தானுங்களே வெளக்கு வெச்சீங்க," என்றாள் அம்மா. "நான் உங்கள ஏமாத்தலீங்க."

அத்தை கேமராவை என்னிடம் கொடுத்தாள். "சாமி, உனக்குத்தான் அந்த எழுத்துத் தெரியும். நீ பாரு. நல்லாப் பாரு." நான் எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். முன்னால் போகிற அம்புக்குறி, பின்னால் போகிற அம்புக்குறி. ஒவ்வொரு தடவையும் அதே எழுத்துகள்தான் வந்தன. அத்தைக்கு நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்த வடிவம் அவளுக்குத் தெரியுமே. அவள் தன் வாயில் தானே அடித்துக்கொண்டாள். இரண்டு பெண்கள் வந்து அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

அப்பா என்னிடமிருந்து கேமராவை வாங்கினார். "இப்ப ஒண்ணு எடுத்துக்கலாம். முகம் அப்படியேதான இருக்குது," என்றார். அவர் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. பாயை நோக்கி அதைத் தூக்கியபோது அம்மா கையை நீட்டி உள்ளங்கையால் முன்பக்கத்தை மூடினாள்.

"வேண்டாமுங்க. கண்ணு மூடுன முகம் எனக்கு வேண்டாம்."

பிறகு அந்தக் கேமராவின் சின்னக் கதவை நகத்தால் திறந்தாள். அட்டையை உருவினாள். தம்பியின் இடுப்பில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றுக்குள், வேட்டித் துணிக்கு அடியில், அதைச் செருகினாள். "இத்தன நாளும் இதுக்குள்ளதான் இருந்தான். அவனுது அவங்கிட்டயே இருக்கட்டும்," என்றாள். யாரும் தடுக்கவில்லை. அத்தை துணியை இழுத்து மூடிவிட்டாள்.

அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரிதான் இருந்தது. கூட நான்கைந்து ஆண்கள். சரிவில் எங்கோ, எஸ்டேட் எல்லைக்குள்தான். பெண்களுக்கு இடம் சொல்ல மாட்டார்கள், சொன்னால் அம்மா போய்ப் போய் உட்கார்ந்துவிடுவாள் என்று. அப்பா சாகும் வரைக்கும் சொல்லவில்லை.

சித்திரையில் மாமா வந்தார். மொட்டைக்கென்று முன்பே எடுத்திருந்த லீவு. அந்த பிளாப்பி டப்பாவையும் வாங்கி வைத்துவிட்டாராம், திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லையாம். அதைப் பெட்டியிலிருந்து எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அத்தை வாங்கி அலமாரியில் கேமராவுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலத்தில் கேமராவின் கண்ணாடிக்குள் வெள்ளையாகப் பூஞ்சை படர்ந்துவிட்டது. அத்தை அதை மாதம் ஒரு தடவை முந்தானையால் துடைப்பாள். பூஞ்சை உள்ளே இருந்தது, வெளியே துடைத்து என்ன பயன். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. அவள் அதிக நாள் இருக்கவில்லை. அவளுக்கும் ஒரு போட்டோ கிடையாது. சாமி கும்பிட வைப்பதற்கு ஒன்று வேண்டும் என்று பிற்பாடு ஓட்டர் கார்டுக்காகக் கட்டாயமாக எடுத்ததைப் பெரிசு பண்ணினார்கள். அதில் இருந்தது யாரோ ஒரு கிழவி.

இதெல்லாம் முடிந்து எவ்வளவோ காலம். நான் பத்தாவதோடு நின்றேன், கல்யாணம் ஆனது. இப்போது ஏற்காடு டவுனில் இருக்கிறோம், அம்மா என்னோடு இருக்கிறாள். போன வருடம் என் மகள் தன் சிநேகிதி கல்யாணத்தில் எடுத்த படங்களை எல்லாம் கைதவறி அழித்துவிட்டு ஓவென்று அழுதாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் செல்போன் கடை வைத்திருக்கிற பையனிடம் போனோம். மகள்தான் பேசினாள். கடைகளில் நான் பேசுவதில்லை, இந்த வயதிலும் எனக்கு வாய் வராது. அவன் அந்தக் குட்டி மெமரி கார்டைக் கழற்றி எதிலோ செருகி, டீ குடித்துக்கொண்டே ஒவ்வொன்றாகத் திரும்பக் கொண்டு வந்தான்.

"அழிச்சா அழியாதுங்கக்கா," என்று என்னைப் பார்த்துச் சிரித்தான். "பேர மட்டுந்தான் எடுத்துரும். படம் அங்கியே கெடக்கும். மேல வேற படம் வந்து உக்காந்தாத்தான் போகும்."

"ரொம்பப் பழைய கார்டுலயும் அப்படித்தானா?" என்று மகள் சும்மா கேட்டாள்.

"எல்லாக் கார்டும் அப்படித்தானுங்க. ஆரம்பத்துல இருந்தே."

கடைக்கு வெளியே வந்து ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டேன். மயக்கமா என்று மகள் கேட்டாள். ஒவ்வொரு நாளும் எடுத்ததன்மேல் அடுத்த நாள் எடுத்தது வந்து உட்கார்ந்திருக்கும். ஆனால் கடைசி நாள் எடுத்ததன்மேல் எதுவும் வரவில்லை. அந்தப் படங்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சளி பிடிப்பதற்கு முந்தின நாள். அலுமினிய வாளிக்குள் தம்பியை உட்கார வைத்திருந்தோம். விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். ஒன்றில் வாளியில் அவன் முகம் கோணலாகத் தெரிந்தது. ஒன்றில் நேராக என்னைப் பார்த்தான். அன்றைக்கு நான் கையில் வைத்துக்கொண்டு எல்லாப் பொத்தானையும் அழுத்தினேனே, அப்போது அவை அதற்குள்ளேயேதான் இருந்திருக்கின்றன. அத்தை வாயில் அடித்துக்கொண்டபோதும் இருந்தன. அம்மா கயிற்றுக்குள் செருகியபோதும்.

அம்மாவிடம் சொல்வதா என்று பல மாதம் யோசித்தேன். ஒரு நாள் இரண்டு பேரும் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தோம். வாய் தானாகவே சொல்லிவிட்டது.

"அம்மா, அந்தக் கேமரா அட்டை இருந்துதல்ல. அழிச்சாலும் படம் உள்ளயேதான் இருக்குமாம். மேல வேற எடுத்தாத்தான் போகுமாம்."

அம்மா எந்தக் கேமரா என்று கேட்கவில்லை. உரித்த நாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு, "அப்பக் கடேசியா வாளில வெச்சு எடுத்தது?" என்றாள்.

அவளுக்கு இவ்வளவு சீக்கிரம் அது எட்டும் என்று நான் நினைக்கவில்லை.

"இருந்திருக்கும்மா."

"நங்கைக்கு இது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போயிக் கையாலயே தோண்டியிருப்பாங்க," என்றாள். அப்புறம், "எடம் உங்கப்பனுக்குத்தான் தெரியும்," என்றாள். அதற்குப் பிறகு நாரை விரலிலிருந்து பிரித்து என் முகத்தைப் பார்த்தாள். "அந்தக் கடைக்காரப் பையங்கிட்டக் கேட்டயா? மண்ணுக்குள்ள இத்தன வருசம் கெடந்தா என்னாகும்னு?"

"கேட்டேம்மா. மண்ணுல ஒரு மழை தாங்காதுன்னு சொல்லிட்டான். அந்த வருசமே போயிருக்குமாம்."

அம்மா தலையாட்டினாள். "அப்பச் சரி," என்று அடுத்த காயை எடுத்தாள். அவள் தோள் கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது.

நான் அவனிடம் கேட்கவில்லை. அந்தக் கடை வழியாகத்தான் தினமும் போய் வருகிறேன். அவன் என்னைப் பார்த்தால், "வாங்கக்கா," என்பான். நான் சிரித்துவிட்டு நடந்துவிடுவேன்.